கிக் எங்கே விழுகிறது? மின்னணு நடன இசைக்கு ஓர் அறிமுகம்

மின்னணு நடன இசையை முதன்முதலாகக் கேட்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். "ஒரு நிமிஷம் ஆச்சு, இன்னும் டொம் டொம்னு அதே சத்தம்தான் வருது. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" நியாயமான கேள்வி. பல்லவி, சரணம் என்று நாலரை நிமிடத்தில் முடிகிற பாட்டுக்குப் பழகிய காதுக்கு, ஏழு நிமிடம் ஓடும் ஹவுஸ் என்ற வகை ட்ராக்கின் முதல் நிமிடத்தில் வெறும் டிரம் மட்டும் வந்தால் எதையோ விட்டுவிட்டார்கள் போலத்தான் தோன்றும். உண்மையில் அந்த முதல் நிமிடம் நமக்காகச் செய்யப்பட்டதே அல்ல. டிஜேக்காகச் செய்யப்பட்டது. இது புரிந்துவிட்டால் இந்த இசையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கிளப்பில் இரவு தொடங்கும் இசை விடியற்காலை வரை நிற்பதில்லை. ஒரு பாட்டு முடிந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, அப்புறம் அடுத்த பாட்டு என்ற பேச்சே அங்கே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் ட்ராக்கின் வால் மீது அடுத்த ட்ராக்கின் தலை ஏறி உட்காரும். அப்படி ஏற்றி உட்காரவைக்க டிஜேக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். குரலோ மெட்டோ குறுக்கே வராமல் தாளம் மட்டும் ஓடும் இடம். ட்ராக்கின் தொடக்கத்தில் இருக்கும் அந்த இடம்தான் இன்ட்ரோ, கடைசியில் இருப்பது அவுட்ரோ. அதனால்தான் ஒரே ட்ராக் இரண்டு வடிவத்தில் வெளியாகும். தலையையும் வாலையும் வெட்டி மூன்று நிமிடத்துக்குச் சுருக்கியது ரேடியோ எடிட். வெட்டாமல் விட்டது எக்ஸ்டென்டட் மிக்ஸ். புதிதாகக் கேட்பவர்கள் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும் என்பேன். ரேடியோ எடிட்டில் சத்தம் கிடைக்கும், காத்திருப்பு கிடைக்காது. இந்த இசையின் சுகமே காத்திருப்பில்தான் இருக்கிறது.

இந்த நீளம் சும்மா வந்துவிடவில்லை. பழைய 7 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் நன்றாகப் பிடிக்கும். 1970களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மௌல்டன் என்பவர் டிஸ்கோ பாட்டுகளை நடனத்துக்காக நீட்டி மிக்ஸ் செய்தபோது ஒரே ஒரு பாட்டைப் பெரிய தட்டில் வெட்டிப் பார்த்தார்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பாட்டு மட்டும் இருந்தால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் என்ற தாழ்ந்த ஒலி கனமாகக் கேட்கும், சத்தமும் கூடும். அன்று தொடங்கி 12 அங்குல சிங்கிள் டிஜேக்களின் தட்டாகிவிட்டது. இன்று எல்லாம் கோப்புகளாக மாறிய பிறகும் ட்ராக்குகளின் உடற்கட்டு அதேதான்.

எண்ணப் பழகுவது

வகைகளின் பெயருக்குப் போவதற்கு முன்னால் எண்ணப் பழகிவிடுங்கள். பிபிஎம் என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கு. 120 பிபிஎம் என்றால் அரை விநாடிக்கு ஒரு பீட். நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார், அதாவது இரண்டு விநாடி. பதினாறு பார் என்றால் 32 விநாடி. இந்த இசையில் பெரிய மாற்றங்கள் பெரும்பாலும் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு பார் என்ற எல்லைகளில்தான் வரும். ஒரு ஹவுஸ் ட்ராக்கைப் போட்டுவிட்டு விரலால் எண்ணிப் பாருங்கள். பதினாறு பார் முடிகிற இடத்தில் ஒரு க்ளாப் சேரும். இன்னொரு பதினாறு முடிந்தால் பேஸ் உள்ளே வரும். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம். ஆவர்த்தனம் முடிந்து சமத்துக்கு வருவது கைக்கே தெரிவதுபோல, பதினாறாவது பார் முடிவதும் பழகப் பழக உடம்புக்கே தெரிந்துவிடும். பத்து ட்ராக் கேட்டபின் எண்ணவே தேவைப்படாது. "இப்போ ஏதோ வரப்போகுது" என்று தோன்றும், வரும்.

அடுத்தது டிரம். மூன்று சத்தங்களைப் பிரித்துக் கேட்டால் போதும். கனமாக, நெஞ்சில் இடிப்பது கிக். பளீரென்று அறைவது ஸ்நேர் அல்லது க்ளாப்; இது பெரும்பாலும் இரண்டாவது, நான்காவது பீட்டில் வரும். 'ட்ஸ் ட்ஸ்' என்று மேலே ஓடுவது ஹை-ஹேட். இவற்றில் கிக்தான் முக்கியம். நான்கு பீட்டிலும் தவறாமல் கிக் விழுந்தால் அதற்கு ஃபோர் ஆன் த ஃப்ளோர் என்று பெயர். அப்படி விழாமல், ஒரு இடத்தில் இரண்டாகவும் இன்னொரு இடத்தில் இல்லாமலும் தாவித் தாவி வந்தால் அது பிரேக்பீட். ஒரு ட்ராக் என்ன வகை என்று தெரியவில்லையா? கிக் எங்கே விழுகிறது, எவ்வளவு வேகம், பேஸ் என்ன செய்கிறது என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். இந்த இசையில் இருக்கும் நூற்றுக்கணக்கான பெயர்களில் பெரும்பாலானவை இந்த மூன்று கேள்விகளில் அடங்கிவிடும்.

டிஜே என்னதான் செய்கிறார்

மேடையில் நிற்பவர் பட்டனைத் தட்டிவிட்டுக் கையைத் தூக்குவதைத் தவிர என்ன செய்கிறார் என்று கேட்பவர்கள் உண்டு. கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

இடப்பக்கத் தட்டில் 124 பிபிஎம் ட்ராக் ஒன்று ஓடுகிறது, கூட்டம் ஆடிக்கொண்டிருக்கிறது. அடுத்துப் போட நினைப்பது 121. அதை வலப்பக்கத்தில் வைத்து, ஹெட்போனில் ஒரு காதுக்கு மட்டும் கேட்கிறார். கூட்டத்துக்கு அது இன்னும் கேட்காது. இரண்டு கிக்கும் சேர்ந்து விழ வேண்டும் என்றால் புதியதைச் சுமார் இரண்டரை சதவீதம் வேகப்படுத்த வேண்டும். தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிட்ச் ஃபேடரை மெல்லத் தள்ளுகிறார். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற சுழல்தட்டில் எட்டு சதவீதம் கூட்டலாம், எட்டு சதவீதம் குறைக்கலாம். பல பத்தாண்டுகள் டிஜேக்களின் கை பழகியது அந்த நீளமான ஃபேடரில்தான். வேகம் ஒத்துப்போன பிறகும் கிக்குகள் சற்று முன்பின்னாக இருந்தால் 'டொட்டொம்' என்று இரட்டையாகக் கேட்கும். விரல் நுனியால் தட்டைத் தொட்டுத் தாமதப்படுத்தியோ தள்ளிவிட்டோ சரிசெய்கிறார். இதுதான் பீட்மேட்ச்சிங்.

இப்போது இரண்டு தட்டின் ஒலியையும் கலக்கும் மிக்சரில் புதிய ட்ராக்கின் ஒலியை ஏற்றுகிறார், ஆனால் அதன் பேஸை முழுக்கக் குறைத்துவிட்டு. இரண்டு ட்ராக்கின் பேஸும் ஒன்றாக ஓடினால் சேறாகிவிடும். முதலில் புதியதன் ஹை-ஹேட் மட்டும் பழையதன் மேல் மிதக்கும். பதினாறு பார் முடியும் சரியான இடத்தில் பழையதன் பேஸை அணைத்து, அதே நொடியில் புதியதன் பேஸைத் திறக்கிறார். ஆடுபவர்களுக்குக் கால் தவறாது, ஆனால் தரையே மாறிவிட்டது. இன்றைய கருவிகளில் சிங்க் என்ற பட்டன் வேகத்தைத் தானே ஒத்துவைக்கும், அது தப்பில்லை. எந்த ட்ராக்குக்குப் பின் எது, எப்போது, கூட்டம் எந்த நிலையில் இருக்கும்போது என்று தீர்மானிப்பதை எந்தப் பட்டனும் செய்யாது. டிஜேயின் கலை அங்கேதான் இருக்கிறது.

ட்ராக்கை உருவாக்குபவர் ப்ரொட்யூசர். டிஜேயும் ப்ரொட்யூசரும் ஒரே ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ப்ரொட்யூசரின் கருவி இன்று ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ போன்ற மென்பொருள். அதில் சிந்தசைசர் சத்தங்கள், டிரம், சாம்பிள் எல்லாவற்றையும் அடுக்குகிறார். சாம்பிள் என்பது வேறொரு பதிவிலிருந்து வெட்டி எடுத்த துண்டு. அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் லூப்.

கிக் நேராக விழும் குடும்பம்

இதன் கதை அமெரிக்காவின் டிஸ்கோவிலிருந்து தொடங்குகிறது. நியூயார்க் போன்ற நகரங்களில் கறுப்பின, லத்தீன், ஒருபால் ஈர்ப்புள்ள மக்கள் கூடிய நடனக் கூடங்களில் வளர்ந்த இசை அது. 1977இல் ப்ரொட்யூசர் ஜார்ஜியோ மொரோடரும் பாடகி டோனா சம்மரும் 'ஐ ஃபீல் லவ்' பாடலை வெளியிட்டபோது, குரலையும் கிக்கையும் விட்டால் கிட்டத்தட்ட எல்லாமே சிந்தசைசரில் செய்ததாக இருந்தது. எந்திரத்தின் துடிப்பில் மனிதர்கள் மணிக்கணக்காக ஆடலாம் என்பதற்கு அந்தப் பாட்டு போதுமான சாட்சி.

டிஸ்கோ புகழின் உச்சியில் இருந்தபோதே அதன்மேல் வெறுப்பும் கிளம்பியது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு இருந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. பாட்டு பிடிக்காமல் செய்தது என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. யாருடைய இசையை எரித்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கும்.

அதே சிகாகோவில் 1977இல் திறந்த வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் ஃப்ராங்கி நக்கிள்ஸ் டிஜேயாக இருந்தார். நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். பெரிய நிறுவனங்கள் டிஸ்கோவைக் கைவிட்டதும் புதிய தட்டுகள் வருவது குறைந்தது. அவர் பழையவற்றையே ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி நீட்டினார், பின்னாளில் டிரம் எந்திரத்தையும் அவற்றின் கூடவே ஓடவிட்டார். இந்தக் கிளப்பின் பெயரிலிருந்துதான் ஹவுஸ் என்ற பெயர் வந்தது. 1984 வாக்கில் சிகாகோ இளைஞர்கள் விலை குறைந்த எந்திரங்களை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சொந்தமாக ட்ராக் செய்யத் தொடங்கினார்கள். ஹவுஸின் அடையாளம்: 118 முதல் 130 வரை பிபிஎம், நேராக விழும் கிக், இரண்டிலும் நான்கிலும் க்ளாப், கிக்குகளுக்கு நடுவே திறந்த ஹை-ஹேட், மேலே பியானோவோ தேவாலயப் பாட்டின் சாயல் உள்ள குரலோ. அடியில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023இல் சிகாகோ நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

இங்கே எந்திரங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் டிஆர்-808, டிஆர்-909 என்ற டிரம் எந்திரங்களையும், டிபி-303 என்ற சிறிய பேஸ் எந்திரத்தையும் விற்றது. 303இன் நோக்கம் எளிமையானது: தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குப் பேஸ் வாசிக்கும் துணை. அதன் சத்தம் பேஸ் கிட்டார் மாதிரியே இல்லை. சில ஆண்டுகளிலேயே உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதைச் சிகாகோவின் ஃப்யூச்சர் என்ற குழு எடுத்தது. பேட்டர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஜே பியர் அதன் குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார். கட்ஆஃப் என்ற குமிழ் சத்தத்தின் மேல்பகுதியை மூடித் திறக்கும். ரெசனன்ஸ் அந்த எல்லையைக் கூர்மையாக்கிக் கீச்சிடவைக்கும். இரண்டையும் சேர்த்துத் திருகினால் நீரில் முங்கி எழுவதுபோல் ஒரு பிறழ்ந்த ஒலி வரும். 1987இல் வந்த அவர்களின் 'ஆசிட் ட்ராக்ஸ்' சுமார் 12 நிமிடம். அதில் மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, குமிழ் திரும்புவதுதான் கதை. மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி இதை ஒரே இரவில் பல முறை போட்டாராம். முதலில் தரையைக் காலிசெய்துவிட்டுப் போன கூட்டம் கடைசித் தடவை வெறிகொண்டு ஆடியது என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள். இதுதான் ஆசிட் ஹவுஸ்.

இதில் நம் நாட்டுப் பங்கு ஒன்று உண்டு, அதிகம் பேர் அறியாதது. மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், அதே 808, 303 இரண்டையும் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசரோடு சேர்த்து, பைரவ், லலித், யமன் என்று பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து 1982இல் ஒரு இசைத்தட்டுக்காகப் பதிவுசெய்தார். விற்கவில்லை, மறந்துபோனது. 2010இல் மறுபதிப்பு வந்தபோது ஐரோப்பாவில் கேட்டவர்கள் திகைத்தார்கள். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டு முன்னால், அச்சு அசலாக ஆசிட் ஹவுஸ் போலவே ஒலிக்கிறது. 303இல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகத்தின் கமகத்துக்கு அது எப்படி வளைந்து கொடுத்திருக்கிறது என்று கேட்டால்தான் புரியும். ராகம் தெரிந்தவர்கள் இந்த இசைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

டெக்னோ பிறந்தது டெட்ராய்ட்டில். கார் தொழிற்சாலைகளின் நகரம், 1980களில் வேலையிழந்து காலியாகிக்கொண்டிருந்த நகரம். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி பெல்வில் என்ற ஊரில் ஒன்றாகப் பள்ளியில் படித்த ஹுவான் ஆட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் கறுப்பின இளைஞர்கள். எலக்ட்ரிஃபையிங் மோஜோ என்ற வானொலி டிஜே இரவில் ஃபங்க் இசையையும் ஜெர்மனியின் க்ராஃப்ட்வெர்க் என்ற மின்னணு இசைக்குழுவையும் அடுத்தடுத்துப் போடுவார். இவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். டெக்னோவின் கிக்கும் நேராகத்தான் விழும், ஆனால் 125இலிருந்து 150 வரை வேகம் போகும். பாடகர் அதிகம் இருக்கமாட்டார். எந்திரத்தின் சத்தத்தை எந்திரத்தின் சத்தமாகவே விட்டுவிடுவார்கள். ஹவுஸ் கேட்டால் கூட்டம் ஞாபகம் வரும். டெக்னோ கேட்டால் நடுநிசியில் காலிச் சாலையில் வண்டி ஓட்டத் தோன்றும். 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்புத்தட்டின் தலைப்பில் டெக்னோ என்ற சொல் வந்தபிறகு அந்தப் பெயரே நிலைத்தது.

பெர்லின் சுவர் 1989இல் விழுந்ததும் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரென்றே தெரியாத கட்டடங்கள் நிறைய இருந்தன. 1991இல் ஒரு பழைய அங்காடியின் பாதாளப் பெட்டக அறையில் ட்ரெசார் கிளப் திறந்தது. டெட்ராய்ட் கலைஞர்கள் அங்கே வந்து வாசித்தார்கள். தங்கள் ஊரில் கிடைக்காத பெரிய மேடை அவர்களுக்குப் பெர்லினில் கிடைத்தது. 2024இல் பெர்லின் டெக்னோவை ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நல்லதுதான், ஆனால் டெக்னோ என்றால் ஜெர்மானிய இசை என்று பலர் நம்பிவிட்டார்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் டெட்ராய்ட்டின் கறுப்பின இளைஞர்கள் என்பதை அறிமுகக் கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும்.

ட்ரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக ஃப்ராங்ஃபர்ட்டில் உருவெடுத்தது. 130 முதல் 140 பிபிஎம். கிக் நேர், ஆனால் கவனம் மேலே ஓடும் மெட்டில் இருக்கும். நடுவில் டிரம் முழுக்க நின்று, நீளமான ஸ்ட்ரிங்ஸ் மட்டும் ஒலித்து, மெட்டு மெல்ல மெல்ல உயரும். இந்த டிரம் நிற்கும் இடத்துக்கு பிரேக்டவுன் என்று பெயர். கோவாவின் அஞ்ஜுனா கடற்கரை விருந்துகளில் வளர்ந்த கோவா ட்ரான்ஸ் இதன் வேறொரு கிளை. அது இன்னும் வேகமானது, சுழன்று சுழன்று ஏறும்.

டீப் ஹவுஸ், டெக் ஹவுஸ், ப்ராக்ரஸிவ் ஹவுஸ் என்று நீளும் உட்பிரிவுகளுக்கு இப்போதைக்கு மண்டையை உடைக்க வேண்டாம். மென்மையான ஜாஸ் சாயல் சுரங்கள் இருந்தால் டீப், டெக்னோவின் வறட்சி கலந்தால் டெக், மெதுவாக அடுக்கிக்கொண்டே போனால் ப்ராக்ரஸிவ். இந்த அளவு போதும். தென்னாப்பிரிக்காவின் அமாபியானோவை மட்டும் தனியாகக் கேளுங்கள். சுமார் 112 பிபிஎம். பல ட்ராக்குகளில் கிக் பின்வாங்கிவிட, லாக் டிரம் என்ற உருண்டையான பேஸ் சத்தமே தாளத்தைத் தூக்கிப் பிடிக்கும்.

ட்ராப் என்றால் என்ன

பலருக்குத் தெரிந்த சொல் இதுதான். பிரேக்டவுனில் டிரம் நின்றிருக்கும். அப்புறம் ஸ்நேர் மெல்லத் தொடங்கி, அடர்த்தியாகி, இரட்டிப்பாகி ஓடும். ஒரு இரைச்சல் கீழிருந்து மேலே ஏறும். பேஸ் முழுவதும் வடிகட்டப்பட்டிருக்கும். இது பில்ட்-அப். கடைசியில் அரை விநாடி எல்லாம் நின்று, கிக்கும் பேஸும் ஒன்றாக வந்து விழும் நொடி ட்ராப். அந்த இடி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் ஒலியளவு மட்டும் இல்லை. முப்பது விநாடி பேஸை மறைத்துவைத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சத்தத்தையும் கவனியுங்கள். கிக் விழும்போதெல்லாம் மற்ற சத்தங்கள் உள்ளே அமுங்கி, மறுபடி ஊதி எழுவதுபோல் கேட்கும். சைட்செயின் என்று பெயர். கிக்குக்கு இடம் கொடுக்க, அது விழும் கணத்தில் மற்றவற்றின் ஒலியளவைக் கம்ப்ரெசர் தானாகக் குறைக்கிறது. ஒருமுறை பிடிபட்டால் பிறகு இன்றைய சினிமாப் பாட்டுகளிலும் காதில் விழும்.

இடிஎம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பரந்த பொருளில் எல்லா மின்னணு நடன இசையும் அதில் அடங்கும். குறுகிய பொருளில், 2010 வாக்கில் அமெரிக்காவில் பெரிய மைதான விழாக்களுக்காக எழுந்த பாணி: பிரம்மாண்டமான பில்ட்-அப், அதைவிடப் பெரிய ட்ராப், சுலபமான மெட்டு. பெல்ஜியத்தின் டுமாரோலேண்ட், மயாமியின் அல்ட்ரா போன்ற விழாக்களின் இசை இது. கோவாவில் 2007இல் தொடங்கிய சன்பர்ன் வழியாக இந்தியாவிலும் பரவியது. ஸ்வீடனின் அவிச்சி, நெதர்லாந்தின் மார்ட்டின் கேரிக்ஸ் போன்றவர்கள் இந்த அலையில் உயர்ந்தவர்கள். பழைய ரசிகர்கள் பலர் இதை மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உள்ளே நுழைய இதுவும் வாசல்தான். ஆனால் ட்ராப் மட்டுமே இந்த இசை என்று நின்றுவிட்டால் நஷ்டம் நமக்கு.

உடைந்த தாளத்தின் குடும்பம்

இனி நேராக விழாத கிக். இந்தக் குடும்பத்தின் ஊர் லண்டன். அங்கே குடியேறிய ஜமைக்கர்கள் தங்கள் சவுண்ட் சிஸ்டம் வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, பேஸை உடம்பால் உணரும்படி வாசிப்பது. ஹவுஸும் டெக்னோவும் பிரிட்டனுக்கு வந்து அதோடு கலந்தபோது, 1990களின் தொடக்கத்தில் ஜங்கிள் பிறந்தது. கொஞ்சம் மெருகேறி அது டிரம் அண்ட் பேஸ் ஆனது. 165 முதல் 180 பிபிஎம். டிரம் தலைதெறிக்க ஓடும், பேஸ் அதன் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். டிரம்மோடு ஆடவும் செய்யலாம், பேஸோடு தலையசைத்து நிற்கவும் செய்யலாம்.

அந்த ஓடும் டிரம்மில் பெரும்பகுதி ஒரே மனிதரின் கை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு ஒரு தட்டின் பின்பக்கத்துக்காக 'ஆமென், பிரதர்' என்ற பாட்டைப் பதிவுசெய்தது. நடுவில் மற்றவர்கள் எல்லாம் நிற்க, கிரெகரி கோல்மன் நான்கு பார் தனியாக டிரம் வாசிக்கிறார். ஆறேழு விநாடிதான். லண்டன் இளைஞர்கள் அதைச் சாம்ப்ளரில் ஏற்றி, வேகப்படுத்தி, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக நறுக்கி வேறு வரிசையில் கோத்தார்கள். ஆமென் பிரேக் என்ற அந்தத் துண்டு ஆயிரக்கணக்கான பதிவுகளில் இருக்கிறது. அதற்காகக் கோல்மனுக்கு ஒரு பைசா வரவில்லை. 2006இல் வறுமையில் இறந்தார். மூன்றாவது பாரின் முடிவில் ஸ்நேர் சற்றுத் தாமதித்து விழும் இடத்தைத் தேடிக் கேளுங்கள். ஒரு தலைமுறையே அந்தத் தடுமாற்றத்தின்மேல் கட்டியெழுப்பியிருக்கிறது.

யுகே கராஜ் 130 பிபிஎம் பக்கம் வரும். கிக் சில பீட்டுகளைத் தாண்டிக் குதிக்கும், குரல்களை நறுக்கித் தூவியிருப்பார்கள். அதன் இருண்ட பக்கத்திலிருந்து 2000களின் தொடக்கத்தில் தெற்கு லண்டனின் க்ராய்டனில் டப்ஸ்டெப் வந்தது. பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற கடையைச் சுற்றித் திரிந்த ஸ்க்ரீம், பெங்கா போன்ற பதின்வயதுப் பையன்கள் செய்த இசை. 140 பிபிஎம்தான், ஆனால் ஸ்நேர் மூன்றாவது பீட்டில் மட்டும் விழுவதால் 70 போல மெதுவாகத் தோன்றும். நடுவில் நிறைய வெறுமை, கீழே காதைவிட விலா எலும்புக்கு அதிகம் கேட்கும் சப்-பேஸ். பேஸ் 'வவ் வவ்' என்று அலைவதற்கு வாபிள் என்று பெயர். 2010இல் லாஸ் ஏஞ்சலிஸின் ஸ்க்ரில்லெக்ஸ் இதை மைதானத்துக்கு ஏற்ப உரத்த, கிழிக்கும் ஒலியாக மாற்றினார். இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் குழப்பம் வரும். க்ராய்டன் பதிவுகளை முதலில் கேட்டுவிட்டு அவரிடம் போனால் இரண்டையுமே ரசிக்கலாம்.

இந்த லண்டனிலிருந்து நம்மவர் ஒருவரும் வந்தார். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, போரிலிருந்து தப்பி லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் முதல் தொகுப்பை வெளியிட்டார். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றை எந்திரத்தில் தாளம் கட்டத் தொடங்கியவர். அவரை எந்த வகையிலும் அடைக்க முடியாது. ஜமைக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் பைலி ஃபங்க், லண்டன் பேஸ் எல்லாம் அதில் இடித்துக்கொண்டு நிற்கும்.

மிச்சச் சொற்கள்

ரீமிக்ஸ் என்றால் ஒரு ட்ராக்கின் பகுதிகளை வாங்கி வேறொருவர் புதிதாகக் கட்டுவது. எடிட் என்றால் அதிகம் மாற்றாமல் டிஜேக்கு வசதியாக நீட்டியோ வெட்டியோ எடுத்தது. டப் என்று போட்டிருந்தால் குரலைப் பெரும்பாலும் நீக்கிய வடிவம். இதுவும் ஜமைக்காவிலிருந்து வந்த வழக்கம். தன் ட்ராக்கையே ஒருவர் மாற்றிச் செய்தால் விஐபி. இரண்டு டிஜே மாறி மாறிப் போட்டால் பி2பி. "ஐடி?" என்று யாராவது எழுதியிருந்தால், இந்த ட்ராக்கின் பெயர் என்ன என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு யோசனை. தனித்தனி ட்ராக்குகளைத் தேடுவதைவிட, ஒரு மணி நேர டிஜே செட் ஒன்றின் பதிவைப் போட்டு, ஒரு ட்ராக் முடிந்து அடுத்தது எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள். முதலில் குரல் மாறியபிறகுதான் தெரியும். போகப்போக, புதிய ஹை-ஹேட் நுழைவதே காதில் விழும்.

எதில் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். கிக்கின் கனம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. ஃபோனின் சின்ன ஸ்பீக்கரால் அந்தச் சத்தத்தை எழுப்பவே முடியாது. ஃபோனில் டப்ஸ்டெப் கேட்டுவிட்டு ஒன்றுமே இல்லை என்பவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் கேட்டிருக்காது. சுமாரான ஹெட்போன் இருந்தாலே போதும். கிளப்புக்கோ விழாவுக்கோ போனால் காதில் செருகும் ப்ளக் வாங்கிக்கொள்ளுங்கள். 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். கிளப்பில் சாதாரணமாக வரும் 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான் கணக்கு. இசைக்காரர்களுக்கென்று விற்கும் ப்ளக் சத்தத்தை மங்கடிக்காமல் அளவை மட்டும் குறைக்கும். பேஸ் எப்படியும் நெஞ்சு வழியாக வந்துவிடும்.